புது ரேம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் கிராஷ் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேம் வாங்கிப் போட்டாயிற்று. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ப்ளூ ஸ்கிரீன். அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இன்னும் சிலருக்கு, சுவிட்சைப் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. இந்தப் புகாரோடு எங்கள் சர்வீஸ் மேஜைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் டெஸ்க்டாப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன். லேப்டாப்புக்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

ரேம் போட்டதிலிருந்து நாளுக்கு இரண்டு மூன்று தடவை கிராஷ் ஆகிறது. முதலில் என்ன செய்வது?

அந்த மெஷினில் வேலை செய்வதை நிறுத்துங்கள். இதைத்தான் எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கிராஷ் ஆனால் திரும்ப ஆன் செய்து கொள்ளலாம், அது பெரிய நஷ்டமில்லை. ரேமில் பழுது இருந்தால் உங்கள் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும், அதுதான் நஷ்டம்.

கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர் ஒருவர் சிபியுவைக் கொண்டுவந்தார். 16 ஜிபி இருந்ததை 32 ஆக்கியிருந்தார். பெரிய ஆல்பம் ஃபைலைத் திறக்கும்போது மட்டும் கிராஷ் ஆகிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார். மெமரி கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றியிருந்த படங்களைத் திறந்து பார்த்தோம். ஒரு படத்தில் மணப்பெண்ணின் முகம் சரியாக இருக்கிறது. மாலைக்குக் கீழே பட்டுப் புடவையின் சிவப்பு பச்சையாகி, படமே ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. ஜேபெக் படத்தில் நடுவில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) மாறினால் போதும், அதற்குக் கீழே உள்ளது முழுக்க இப்படித் தடம் புரண்டுவிடும். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு படமும் ரேம் வழியாகத்தான் போகிறது. அந்தக் கார்டை அவர் ஏற்கெனவே ஃபார்மட் செய்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போய்விட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததிலிருந்து இந்தப் பதிலை நான் சுருக்கிச் சொல்வதே இல்லை.

ஆகவே வரிசை இதுதான். மெஷினை அணைத்துப் புது ரேமைக் கழற்றுங்கள். பழைய ரேமை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். அதற்குப் பிறகு பேக்கப் எடுங்கள். சந்தேகத்துக்குரிய ரேமை உள்ளே வைத்துக்கொண்டே பேக்கப் எடுத்தால் பேக்கப்பும் கெட்டுப்போகும். முக்கியமாக, பழைய நல்ல பேக்கப்பின் மேல் புதியதை எழுதிவிடாதீர்கள். வேறு ஃபோல்டரில் போடுங்கள். அப்புறம்தான் சோதனை எல்லாம்.

விண்டோஸைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. பழுதான ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸ் இன்ஸ்டால் செய்தால் அந்த இன்ஸ்டாலேஷனே ஓட்டையோடு உட்காரும். பல நேரம் பாதி வழியில் ஏதாவது எரர் காட்டி நின்றுவிடும். "பென்டிரைவ் சரியில்லை, ஐஎஸ்ஓ ஃபைல் சரியில்லை" என்று நினைத்து நான்கு தடவை டவுன்லோடு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நேற்று வரை ஓடிய விண்டோஸ், ரேம் போட்ட அன்றிலிருந்து மக்கர் செய்தால், மாறியது எதுவோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரேம் பிரச்சினை தீர்ந்த பிறகு, விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒரு தடவை ஓட்டுங்கள். இடையில் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்கள் இருந்தால் அது மாற்றிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் அப்போது ரீஇன்ஸ்டால் செய்யலாம்.

ரேம் கெட்டிருந்தால் எப்போதுமே கிராஷ் ஆக வேண்டாமா? ஏன் எப்போதாவது மட்டும்?

8 ஜிபி ரேமில் ஏறக்குறைய 6,872 கோடி பிட் இருக்கிறது. ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய கெப்பாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மாதிரி. அதனால் வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். அந்த நேரத்துக்குள் காலியாகிவிடும் அறை ஒன்று இருந்தாலும் அங்கே வைத்தது தவறாகத் திரும்பி வரும்.

அந்த அறை எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயம். 16 ஜிபி மெஷினில் 14-வது ஜிபியில் இருந்தால், பிரவுசரும் வேர்டும் மட்டும் திறந்திருக்கும்போது விண்டோஸ் அந்தப் பக்கம் போகாமலே இருக்கலாம். கேம் அல்லது வீடியோ எடிட்டிங் திறந்தால் போகும். அங்கே விண்டோஸின் சொந்தத் தகவல் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன். பிரவுசரின் தகவல் இருந்தால் அந்த டேப் மட்டும் செத்துப்போகும். உங்கள் எக்செல் கணக்கு இருந்தால் எதுவுமே ஆகாது, ஓர் எண் மட்டும் மாறியிருக்கும். வெயில் காலத்தில் மதியம் மட்டும் கிராஷ் ஆவதும் இதனால்தான்: சூடு ஏற ஏறக் கசிவு கூடும்.

ஒரு பிட் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: 2003 மே மாதம் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. 4,096 என்பது இரண்டின் 12-வது அடுக்கு, அதாவது எண்ணில் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆனால் சரியாக அவ்வளவு கூடும். மெமரியில் ஒரு பிட் தானாகப் புரண்டதே காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் விசாரித்தவர்கள் வந்தார்கள். அங்கே ரேம் கெட்டுப்போகவில்லை, தற்செயலாக ஒரே ஒரு தடவை நடந்தது. கெட்ட ரேமில் அது தினமும் நடக்கும்.

ப்ளூ ஸ்கிரீனில் வரும் எழுத்தை வைத்து ரேம்தான் என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா, ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் இந்த மூன்றும் ரேம் பழுதில் அடிக்கடி வருபவை. ஆனால் மோசமான டிரைவரும் இதே எழுத்தைக் கொண்டுவரும். நான் பார்ப்பது வேறு: ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்து வருகிறதா? ஒரே டிரைவர் காரணம் என்றால் பெரும்பாலும் ஒரே எழுத்துதான் திரும்ப வரும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, நடுவில் பிரவுசர் தானாக மூடுகிறது, ஜிப் ஃபைல் விரியவில்லை என்றால் என் சந்தேகம் நேராக ரேம் மேல் போகும். வரும்போது மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். புதிய விண்டோஸ் 11-இல் இந்தத் திரை நீலமாக இல்லாமல் கருப்பாக வரும், பயப்பட வேண்டாம், விஷயம் அதேதான்.

ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில்) கெர்னல் பவர் 41 என்று பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். "முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது" என்பது மட்டுமே அதற்குப் பொருள். ஏன் நின்றது என்று அது சொல்லாது.

டிஸ்ப்ளேயே வரவில்லை. ரேம் போர்டை அடித்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பத்தில் பாதிக்கு மேல் ரேம் முழுதாக உட்காராததுதான் நான் பார்த்த காரணம். பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவுங்கள். பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்குங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். திரும்ப வைக்கும்போது முதலில் நடு வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு கட்டை விரலையும் இரு முனையில் வைத்து நேராக அழுத்துங்கள். ஒரு பக்கக் கொக்கி மட்டும் உள்ள போர்டுகளில்தான் ஏமாறுகிறார்கள்: கொக்கி உள்ள பக்கம் "டக்" என்று விழுந்துவிடும், மறு பக்கம் ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கும். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தங்க நிறக் கோடு ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் அது உட்காரவில்லை.

வெட்டு பொருந்தவே இல்லையென்றால் தலைமுறை மாறிவிட்டது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான். ஆனால் வெட்டு வேறு இடத்தில், வோல்டேஜும் வேறு: முன்னதற்கு 1.2, பின்னதற்கு 1.1. பலம் போட்டு அழுத்தினால் அன்றைக்கு நிஜமாகவே போர்டு போகும்.

டிடிஆர்5 போட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும். பத்து நிமிடமாவது தொடாமல் விடுங்கள். அதற்கும் வராவிட்டால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் சொந்த மென்பொருள்) பழைய அமைப்பை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். பவரை உருவி, போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போடுங்கள்.

எந்த ஸ்லாட்டில் போட வேண்டும்?

நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில், இரண்டு ஸ்டிக் (ரேம் பலகை) என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒரே ஸ்டிக் என்றால் இரண்டாவது. மதர்போர்டு கையேட்டில் படமாகவே இருக்கும். அடுத்தடுத்த இரண்டில் போட்டால் ஓடலாம், ஆனால் இரண்டும் ஒரே சேனலில் (பிராசஸருக்குப் போகும் ஒரே பாதையில்) மாட்டி வேகம் குறையும்.

அழிரப்பரால் தேய்த்தால் சரியாகிறதே, அதைச் செய்யலாமா?

நம் ஊர் சர்வீஸ்காரர்கள் எல்லாரும் செய்வது, நானும் செய்திருக்கிறேன். தங்க முனைகளில் படிந்த அழுக்கு போய்ப் பல ரேம் உயிர் பெறும். கடலோர ஊர்களில் பழைய மெஷினுக்கு இது அடிக்கடி தேவைப்படுகிறது. ஆனால் வெள்ளை மென்ரப்பர்தான், மண் கலந்த இங்க் ரப்பர் கூடாது; அது தங்கப் பூச்சையே எடுத்துவிடும். லேசாக இரண்டு இழுப்பு, ரப்பர் தூள் முழுக்கப் போகும்படி துடைக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் இருந்தால் அதுதான் நல்லது. புது ரேமுக்கு ரப்பர் தேவையே இல்லை. தூசி இருந்தால் அது ஸ்லாட்டுக்குள் இருக்கும், அங்கே பெயின்ட் பிரஷ் போதும்.

எக்ஸ்எம்பி ஆன் செய்தால் மட்டும் கிராஷ் ஆகிறது. அப்படியானால் ரேம் பழுதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பெட்டியில் 3200 அல்லது 6000 என்று போட்டிருப்பது, அந்த ரேம் ஓட முடியும் என்று தயாரிப்பாளர் சோதித்த வேகம். சும்மா செருகினால் பல ஸ்டிக்குகள் அந்த வேகத்தில் ஓடாது. டிடிஆர்4 என்றால் 2133, 2400, 2666 என்று ஏதாவது ஓர் அடிப்படை வேகத்தில் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்தால் பெட்டியில் உள்ள வேகத்துக்கும் கூடுதல் வோல்டேஜுக்கும் போகும். டிடிஆர்4-இல் அது வழக்கமாக 1.35. ஏஎம்டி பிராசஸருக்கான டிடிஆர்5 போர்டுகளில் இதே வேலையை 2022-இல் வந்த எக்ஸ்போ செய்கிறது.

இது ஒரு வகை ஓவர்கிளாக், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரேம் தாங்கினால் போதாது, பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரும் போர்டும் தாங்க வேண்டும். எனவே கிராஷ் வந்தால் முதல் வேலை எக்ஸ்எம்பியை அணைப்பது. அணைத்ததும் கிராஷ் நின்றுவிட்டால் ரேம் செத்துப்போகவில்லை. பயாஸ் அப்டேட் செய்து பாருங்கள், மெமரி ஒத்துப்போவதற்கான திருத்தங்கள் அதில் அடிக்கடி வரும். அப்புறம் ஒரு படி வேகம் குறைத்து, 3200-க்குப் பதில் 2933 வைத்துப் பாருங்கள். அன்றாட வேலையில் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. வோல்டேஜைக் கூட்டிப் பார்க்கச் சொல்லும் யோசனைகளை ஒதுக்குங்கள்.

இரண்டே ஸ்டிக், போர்டு தயாரிப்பாளரின் சோதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடல், இருந்தும் பெட்டியில் உள்ள வேகத்தில் ஓடவில்லை என்றால் கடையில் மாற்றிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பழைய ரேமோடு வேறு கம்பெனி ரேமைச் சேர்த்துப் போடலாமா?

போடலாம், பெரும்பாலும் ஓடும். இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்துக்கு எல்லாம் இறங்கிவரும். சிக்கல் எங்கே என்றால், எக்ஸ்எம்பி ஆன் செய்திருக்கும் மெஷினில் வேறு கம்பெனி ஸ்டிக்கைச் சேர்க்கும்போது. ஒரு ஸ்டிக்கின் அளவுகளை மற்றதன் மேலும் திணிப்பது மாதிரி ஆகிவிடும். கலப்பதானால் எக்ஸ்எம்பி இல்லாமல் ஓட்டுங்கள்.

நான்கு ஸ்டிக் போடுவது தனிச் சுமை. டிடிஆர்5-இல் இது கண்கூடு: ரைசன் 7000 பிராசஸர்களுக்கு இரண்டு ஸ்டிக்கில் 5200 வரை ஏஎம்டி சொல்கிறது, நான்கு போட்டால் 3600 என்றுதான் சொல்கிறது. இருந்த இரண்டு 16 ஜிபியோடு இன்னும் இரண்டு வாங்குவதைவிட, விற்றுவிட்டு இரண்டு 32 ஜிபி வாங்குவதே என் சிபாரிசு. கொஞ்சம் செலவுதான், ஆனால் நிம்மதி.

பழைய போர்டுக்கு டிடிஆர்3 வாங்கினேன். அளவு சரி, வெட்டு சரி, ஆனாலும் எடுக்கவில்லை.

இன்டெல் ஜி41 போர்டு வைத்திருப்பவர்கள் நம்மில் இன்னும் நிறையப் பேர். அந்தப் போர்டுக்கு 4 ஜிபி ஸ்டிக் என்றால் இருபுறமும் எட்டு எட்டாக 16 சிப் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 8 சிப் உள்ள புதிய 4 ஜிபியில் ஒவ்வொரு சிப்பும் அந்தப் போர்டுக்குப் புரியாத அளவு பெரியது. ஒன்று டிஸ்ப்ளே வராது, இல்லாவிட்டால் கிராஷ்.

இன்னொன்று, மலிவாகக் கிடைக்கும் "ஏஎம்டிக்கு மட்டும்" என்ற ரேம். அதன் சிப் அமைப்பே வேறு, இன்டெல் போர்டில் ஓடாது. ஸ்டிக்கரில் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது ஸ்டிக்கரே கிழிக்கப்பட்டிருக்கும்.

ரேமைச் சோதிப்பது எப்படி?

விண்டோஸிலேயே விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் நான் அதோடு நிறுத்துவதில்லை, நிறைய விட்டுவிடுகிறது.

மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ், இரண்டில் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். பென்டிரைவில் உள்ளது அழிந்துவிடும், காலி டிரைவாக எடுங்கள். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு நான்கு சுற்று ஓட்டுங்கள். மணிக்கணக்கில் ஆகும், இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். யுபிஎஸ் இருந்தால் நல்லது. கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

"ஒரே ஒரு பிழைதான், பரவாயில்லையா?" என்று கேட்கிறார்கள். பரவாயில்லை என்று எதுவும் இல்லை. ரேம் சோதனையில் பாஸ் மார்க் பூஜ்யம் பிழைதான்.

பிழை வந்துவிட்டது. ரேமா, ஸ்லாட்டா, எது என்று எப்படித் தெரியும்?

ஒரு ஸ்டிக்கை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில். ஸ்டிக்கில் பென்சிலால் 1, 2 என்று எழுதிய சின்னக் காகிதத்தை ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதியில் குழம்பிவிடும். ஒன்று தேறி மற்றது தேறாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. இரண்டும் தேறினால், நல்லது என்று தெரிந்த ஸ்டிக்கை மற்ற ஸ்லாட்டுகளில் ஒவ்வொன்றாக வையுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ரேம். ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு பக்கம்.

போர்டு பக்கம் என்றதும் போர்டை மாற்றிவிடாதீர்கள். ரேமுக்கான கம்பிகள் பிராசஸருக்கே நேராகப் போகின்றன. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலரின் ஒரு பக்க ஸ்க்ரூ அதிகம் இறுக்கப்பட்டிருந்தாலும் ஒரு சேனல் முழுக்க வேலை செய்யாமல் போகும். கூலரைக் கழற்றி, பிராசஸரை எடுத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பின்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மின்னும், வளைந்தது மட்டும் மங்கலாகத் தனித்துத் தெரியும்.

எல்லா ஸ்டிக்கும் எல்லா ஸ்லாட்டிலும் தேறிவிட்டது. இன்னும் கிராஷ் ஆகிறது.

அப்படியானால் கேபினெட்டைத் திறந்தபோது வேறு எதையாவது அசைத்திருப்பீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிள், கிராபிக்ஸ் கார்டு, 24 பின் பவர் கனெக்டர் மூன்றையும் கழற்றி மாட்டுங்கள். பிராசஸர் ஃபேனில் ஏதாவது ஒயர் இடிக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாகத் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் கிராஷ் என்றால் அவை ஒத்துப்போகவில்லை, வேகத்தைக் குறையுங்கள்.

16 ஜிபி போட்டேன், 13.9 தான் பயன்படுத்த முடியும் என்கிறது.

பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸ் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறது. பழுதில்லை. சரியாகப் பாதிதான் காட்டுகிறது என்றால் ஒரு ஸ்டிக் உட்காரவில்லை. எவ்வளவு போட்டாலும் 4 ஜிபியைத் தாண்டவில்லை என்றால் விண்டோஸ் 32 பிட்.

லேப்டாப்பில் என்ன வித்தியாசம்?

சார்ஜரை உருவினால் போதாது, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்ற வேண்டும். கரண்ட் இருக்கும்போதே ரேமைச் செருகிக் கெடுத்தவைதான் லேப்டாப்பில் நான் அதிகம் பார்த்தவை. அதற்கு முன் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் செய்யுங்கள். சாதாரண ஷட் டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையைப் பாதி சேமித்து வைக்கும்.

இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்பவை. 1.5 வோல்ட் சாதா டிடிஆர்3 அதே ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் ஓடாது. ஸ்டிக்கரில் பிசி3 என்பதற்குப் பின்னால் எல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடையில் மாற்றிக் கேட்டால் "இங்கே நன்றாக ஓடுகிறதே" என்கிறார்கள்.

ஓடும்தான். கடை மேஜையில் விண்டோஸ் திறக்கும் வரைதான் பார்ப்பார்கள். மெம்டெஸ்ட் பிழை காட்டும் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வரிகளும் மேலே ரேமின் அளவும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அந்தப் பென்டிரைவையும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் மெஷினிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லலாம். பெரிய கம்பெனிகளின் ரேமுக்குப் பல ஆண்டு வாரண்டி உண்டு, கடைக்காரர் மறுத்தாலும் கம்பெனிக்கு நேராக அனுப்ப வழி இருக்கும். ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், சீரியல் நம்பர் அதில்தான். ஜோடியாக வாங்கியதில் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, ஜோடியாகவே திரும்ப வாங்குங்கள். வந்ததும் போட்டு உடனே வேலையை ஆரம்பித்துவிடாமல், அன்று இரவு மறுபடி நான்கு சுற்று.